ஒன்றேகால் அங்குலம்

இந்தப் பக்கம் ஒண்ணு, என்கிறான் வெள்ளிங்கிரி. ஸ்பானரைக் கழற்றி, ஸ்பிரிங்கைச் சுருக்குகிற கொக்கி ஜோடியின் எதிர்ப் பக்கத்து போல்ட்டில் மாட்டுகிறான். அந்தப் பக்கம் ஒண்ணு. ஸ்பிரிங் ஒரு தடவை முனகிவிட்டு மயிரிழை அளவு சுருங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தரை மணி, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டிருக்கிறேன். ஸ்பிரிங் வேலை நடக்கும்போது கடைக்குள் வேறு யாரும் இருக்கக் கூடாது என்பது பதினொரு வருடமாக என் சட்டம். வேறு யாரும் என்பதில் வெள்ளிங்கிரியும் சேர்த்தி, அவனுக்கு அந்த நேரத்தில் ஏதாவது வெளிவேலை சொல்லி அனுப்பிவிடுவேன். அதைத்தான் இன்றைக்கு மீறியாயிற்று. என் வலது தோள் உறைந்துபோய் மூன்று மாதம் ஆகிறது, கை காதுக்கு மேல் எழும்புவதில்லை, சட்டை மாட்டவே மயிலா ஒத்தாசை செய்ய வேண்டியிருக்கிறது, இந்தக் கையை வைத்துக்கொண்டு எதைச் சுற்றுவது. நான் சுத்தறேனுங்க மாமா, நீங்க பக்கத்துல நின்னாப் போதும் என்று அவனாகவே சொன்னான். மயிலாவின் தம்பி, என் மச்சினன், முப்பத்தைந்து வயது, வலது காது சுத்தமாகக் கேட்காது. நான் பக்கத்தில்தான் நிற்கிறேன். வழக்கம்போல அவனுடைய வலப் பக்கம்.

இந்தப் பக்கம் ரெண்டு. அந்தப் பக்கம் ரெண்டு. கட்டைவிரல் தடிமனில் ஒரு இரும்புக் கம்பி, அதைச் சூட்டில் சுருட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான் ஸ்பிரிங். முப்பது வருடமாகப் பார்க்கிறேன், இன்னும் எனக்கு அது பிடிபடவில்லை. வைஸ் இடுக்கியில் கவ்வி நிற்கிற இந்த ஒன்றுக்குள் ஐந்நூறு கிலோ எம்பக் காத்திருக்கிறது, வெளியே பார்த்தால் ஒரு சலனம் இல்லை, ஈ வந்து உட்கார்ந்தால்கூட உட்காரும். அந்த பலம் எங்கே இருக்கிறது? அறுத்துப் பார்த்தால் வெறும் இரும்பு. எத்தனை அமுக்கினாலும் தான் எந்த உயரத்துக்குச் செய்யப்பட்டோம் என்பதை அது விடுவதில்லை, லட்சம் பள்ளத்தில் இறங்கி ஏறினாலும் விடுவதில்லை. கோயிலில் கும்பிடும்போது வராத உடல்சிலிர்ப்பு எனக்கு இந்த வைஸ் முன்னால் வருகிறது, சொன்னால் மயிலா சிரிப்பாள். மேலே லிஃப்டில் நிற்கிறது கார். கருநீலம், ஐந்து லிட்டர், எட்டு சிலிண்டர், இரண்டே கதவு, ஆயிரத்து எழுநூறு கிலோ அமெரிக்க மசில் கார். முன் சக்கரம் இரண்டையும் கழற்றியாயிற்று. அத்தனை பெரிய ஜீவனை நான்கு கம்பிச் சுருள்கள் தூக்கிக்கொண்டு திரிகின்றன என்றால் யார் நம்புவார்கள். காருக்குச் சொந்தக்காரர், பல்லுக்கு கிளிப் போடுகிற டாக்டர் சம்யுக்தா, நம்பினார். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் நாலு விரல் போகிறது, ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் முன்பல் இடைவெளி விட்ட வாய் போல உறுத்துகிறது, ஒன்றேகால் அங்குலம் இறக்கித் தர முடியுமா என்று கேட்டார். அவரே வெளிநாட்டிலிருந்து குட்டை ஸ்பிரிங் நான்கை வரவழைத்துவிட்டார், சிவப்புச் சாயம் பூசியவை. நம் ஊர் வேகத்தடைக்கு ஒன்றேகால் அங்குலம் அதிகம் அம்மிணி என்று இழுத்தேன். பல்லை எப்படி நகர்த்துகிறார்கள் தெரியுமா என்றார் அவர். முடி போன்ற கம்பியால், துளி பலத்தால், ஆனால் விடாமல் அமுக்கினால் தாடை எலும்பே கரைந்து வழிவிட்டு, பின்னால் மறுபடி வளர்ந்துகொள்ளுமாம். எலும்பு கரையுமா என்று கேட்டேன். மெதுவாக அமுக்கினால் எல்லாம் கரையும் என்றார். அன்று இரவு நாக்கால் என் பல் ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்துக்கொண்டே தூங்கினேன்.

அந்தப் பக்கம் அஞ்சு, என்கிறான். இந்த எண்ணிக்கை என் மண்டைக்குள் ஆணி அடிக்கிறது. ஸ்பிரிங்கில் மட்டும் எண்ணுகிறான் என்றால் பரவாயில்லை. மாடிப்படி ஏறும்போது எண்ணுவான், வலது காலுக்கு எத்தனையோ இடது காலுக்கும் அத்தனை வர வேண்டும். பல் தேய்ப்பது இந்தக் கடைவாய் இருபது, அந்தக் கடைவாய் இருபது. அவன் பெண்டாட்டி கோகிலா சாம்பார் ஊற்றினால் கரண்டியை எண்ணுவான், அவள் வேண்டுமென்றே அரைக் கரண்டி சேர்த்து ஊற்றிவிட்டு எங்களைப் பார்த்துக் கண்ணடிப்பாள். கல்யாணத்தில் தாலிக்கு முடிச்சுப் போடும்போது ஒண்ணு, ரெண்டு என்று வாய்விட்டு எண்ணினான், மூன்றாவது முடிச்சு அக்கா போட வேண்டியது, மயிலா போட்டதையும் மூணு என்று எண்ணிவிட்டுத்தான் நிமிர்ந்தான். கூட்டமே சிரித்தது. நானும் சிரித்தேன், சிரிக்காமல் இருந்தால் யாராவது ஏன் என்று கேட்டிருப்பார்களே. ஏன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அவன் எண்ண ஆரம்பித்தது ஒரு ஆயுத பூசை நாளில், அல்லது அதற்கு மறுநாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில். கடையைக் கழுவி, ஆயுதத்தையெல்லாம் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து அலமாரியில் படத்துக்கு முன்னால் அடுக்கியாயிற்று. ஸ்பிரிங் சுருக்குகிற கொக்கி ஜோடியும் அதில்தான் இருந்தது, நல்ல கம்பெனிச் சாமான். அந்த நேரம் பார்த்து ஒரு வாடகைக் கார் டிரைவர் வந்து நிற்கிறான், விடிந்தால் திருப்பதி சவாரி, முன் ஸ்பிரிங் முறிந்துவிட்டது. சாமிக்கு வைத்த ஆயுதத்தை மறுநாள் பூசை முடிகிற வரை தொடக் கூடாது. தொடவில்லை. அவ்வளவு பக்தி எனக்கு. பக்கத்துப் பட்டறையில் பற்றவைக்கிற காஸ் செட்டை இன்னும் கழுவி வைக்கவில்லை, கேட்டால் தந்தார்கள். பழைய லாரியின் பட்டை ஸ்பிரிங்கில் துண்டு வெட்டி, பழுக்கக் காய்ச்சி, வளைத்து, புதிதாக இரண்டு கொக்கி செய்தேன். கோயமுத்தூர்க்காரனுக்கு ஒரு சாமான் இல்லை என்றால் கடைக்குப் போகத் தோன்றாது, செய்துவிடலாம் என்றுதான் தோன்றும், அதில் ஒரு திமிர் வேறு. செய்த கொக்கியை எண்ணெயில் விட்டு ஆற்றி, திரும்பக் கொஞ்சம் சூடு காட்டிப் பதம் பார்க்க வேண்டும். எண்ணெய் டப்பாவைக் கழுவிக் கவிழ்த்து அதற்கும் பொட்டு வைத்தாயிற்று. தரை கழுவின வாளியில் தண்ணீர் இருந்தது. தண்ணீரில் போட்டேன்.

சுர்ரென்ற அந்தச் சத்தம். அந்த வகை இரும்பைத் தண்ணீரில் போட்டால் கண்ணாடியாகிவிடும் என்பது எனக்குத் தெரியாததா, தெரியும், தெரிந்த ஒன்று அவசரத்தில் தலைக்குள் பின்வரிசைக்குப் போய் உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான். கொக்கி ஆறியதும் மரை போட்ட பழைய தண்டில் பற்றவைத்துக் கொடுத்துவிட்டு, திருஷ்டிப் பூசணிக்காயை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். உள்ளே வெள்ளிங்கிரி சுற்றிக்கொண்டிருந்தான், அப்போது அவனுக்கு இருபத்து நாலு வயது, எண்ணாமல் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு சுற்றுவான், அதுதான் அவன் வழக்கம். பூசணியைத் தலைக்கு மேலே தூக்கினேன், கை அப்போது நன்றாக எழும்பும். நான் போட்டு உடைக்கும் முன்பே உள்ளே உடைந்தது. ஓடினால் அவன் தரையில் கிடக்கிறான், காதிலிருந்து ரத்தம், ஸ்பிரிங் கூரைத் தகட்டைப் பொத்துக்கொண்டு போய் எங்கேயோ விழுந்து இன்னும் உருண்டுகொண்டிருக்கிற சத்தம். நான் முதலில் அவனைத் தூக்கவில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. முதலில் குனிந்து கொக்கித் துண்டை எடுத்தேன். உடைந்த முகம் கல்கண்டு போல மினுங்கியது, வளையாமல் ஒரே வெட்டாக முறிந்திருந்தது. அதைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு அப்புறம்தான் அவனைத் தூக்கினேன். மறுநாள் தலை முழுக்கக் கட்டோடு கண்ணைத் திறந்தவன் கேட்ட முதல் கேள்வி, நான் ஒரு பக்கம் சேத்திச் சுத்தீட்டனுங்களா மாமா. ஒரு பக்கம் கூடுதலாகச் சுற்றினால் ஸ்பிரிங் கோணிக்கொண்டு எகிறிவிடும், அதைத்தான் கேட்டான். ஆமாம் என்று நான் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. விடு மாப்ள, நடந்தது நடந்துபோச்சு என்றேன். பக்கத்தில் நின்ற மயிலா என்னை ஒரு பார்வை பார்த்தாள், தம்பி செய்த தப்பைச் சொல்லிக் காட்டாத மனுசன் என்று, அந்தப் பார்வையில் அப்படி ஒரு நன்றி. அந்த நன்றியைச் சாப்பிட்டுத்தான் பதினொரு வருடமாக உடம்பு வளர்க்கிறேன்.

இந்தப் பக்கம் ஒம்பது. சுருள்கள் ஒன்றோடொன்று தொடுகிற தூரத்துக்கு வந்துவிட்டன. இப்போது ஸ்பிரிங் மேல் தட்டை விட்டுத் தளர்ந்து நிற்க வேண்டும், அப்போதுதான் நடு நட்டைக் கழற்றலாம், தளராமல் கழற்றினால் தட்டு மூஞ்சிக்கு வரும். நான் அவன் வலக் காதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மடலில் ஒரு சின்னத் தழும்பு, மற்றபடி யாருடைய காதையும் போல ஒரு காது. இந்தக் காதிடம் நான் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். அது எனக்குப் பழகிப்போன கள்ளத்தனம். பைக்கில் பின்னால் உட்கார்ந்து வலப் பக்கம் சாய்ந்து சொல்லியிருக்கிறேன், பந்தியில் அவனுக்கு வலப் பக்கம் இடம் பிடித்து இலையைப் பார்த்தபடி சொல்லியிருக்கிறேன், அவன் குழந்தைக்குப் பேர் வைத்த அன்று மூன்று தடவை சொன்னேன். கொக்கி நான் செய்தது மாப்ள, தண்ணில போட்டது மாப்ள. சொல்லிவிட்டால் ஒரு வாரத்துக்கு நெஞ்சு லேசாக இருக்கும். அவன் ஒரு தடவையும் திரும்பியதில்லை. திரும்பிவிடுவானோ என்று சட்டெனப் பேச்சை மாற்றுவேன், திரும்பவில்லை என்றால் அதுவும் ஒரு மாதிரி இருக்கும். டிக். என்ன அது, கொக்கியா, சுருளா, என் உடம்பு யோசிக்கவில்லை, உறைந்த தோள் எப்படியோ எழும்பி அவன் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுக்கிறது, வலி பளீரென்று கண் வரைக்கும் வருகிறது. வெள்ளிங்கிரி என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். ஸ்பிரிங் ரப்பர்ல உக்காந்துதுங்க மாமா, வேற ஒண்ணுமில்ல. ஸ்பானரைத் திரும்ப மாட்டுகிறான். ஒரு பக்கத்துக் காதைக் கொண்டுபோன சாமானுக்கு முன்னால், எல்லாம் தன் தப்பு என்று நம்பிக்கொண்டு, மறுபடியும் முகத்தை நீட்டி நிற்கிறானே, இந்தத் தைரியம் எங்கிருந்து வருகிறது. ஸ்பிரிங்கைப் பார்த்து அதிசயப்படுகிறேன் நான், அதிசயம் இந்தப் பக்கம் நின்றுகொண்டு பத்து என்று சொல்கிறது.

நட்டு கழன்றது. பழைய ஸ்பிரிங்கைத் தளர்த்தி, சின்னக் குழந்தையை இறக்குவது போல இரண்டு கையாலும் கீழே வைக்கிறான். தளர்த்தும்போதும் எண்ணிக்கைதான், பத்திலிருந்து கீழே. அப்புறம் சிவப்பு ஸ்பிரிங்கை எடுத்து ஷாக் அப்சார்பர் தண்டில் நுழைக்கிறான், வால்நுனி கீழ்த்தட்டின் பள்ளத்தில் பொருந்துகிறது, மேல் தட்டை வைத்துக் கையால் அமுக்கினால் நட்டு பிடித்துக்கொள்கிறது. சுருக்கவே வேண்டியதில்லை. குட்டை ஸ்பிரிங் என்றால் அப்படித்தான், எனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் பயத்துக்கெல்லாம் தயாராக வந்தவனிடம் ஒன்றுமே கேட்காமல் ஒரு காரியம் முடிந்துவிட்டால் நெஞ்சு எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் தடுமாறுகிறது. இடப் பக்கமும் அப்படியே ஆயிற்று, அதற்கும் ஒரு பத்து. பின்னால் இரண்டும் நேற்றே மாற்றியவை, அவற்றுக்குச் சுருக்குகிற வேலை கிடையாது. தண்டுகளைக் காரில் ஏற்றி, அடியில் சக்கரத்தைத் தாங்குகிற இரும்புக் கைகளின் போல்ட்டுகளைப் பேருக்கு மாட்டி விடுகிறான். இறுக்கவில்லை. இதில்தான் புதுசாக வேலைக்கு வருகிறவர்கள் ஏமாறுவார்கள். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது அந்த போல்ட்டை இறுக்கிவிட்டால் உள்ளே இருக்கிற ரப்பர் தொங்குகிற நிலையிலேயே கவ்விக்கொள்ளும், அப்புறம் கார் கீழே இறங்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும், நின்றே கிழியும். வண்டி தன் முழுப் பாரத்தோடு தரையில் உட்கார்ந்த பிறகுதான் இறுக்க வேண்டும். வெள்ளிங்கிரிக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான். இதைச் சொல்லத் தெரிந்தவனுக்கு அதைச் சொல்ல மட்டும் தெரியாமலா போயிற்று.

முன் சக்கரங்களைத் திரும்ப மாட்டியதும் லிஃப்ட் இறங்குகிறது. சக்கரங்கள் தரையைத் தொடுகின்றன, கார் இன்னும் இறங்குகிறது, இறங்கி இறங்கி, இதோ நின்றுவிடும் என்று நினைத்த இடத்தைத் தாண்டி இறங்கி, அப்புறம் நிற்கிறது. அதே கார்தான், ஒரு தகடு மாற்றவில்லை, ஒன்றேகால் அங்குலம்தான் இறக்கினோம், ஆனால் சற்றுமுன் வரைக்கும் நின்றுகொண்டிருந்த ஏதோ ஒன்று இப்போது தரையை அணைத்துக்கொண்டு கண்ணை மூடாமல் படுத்திருக்கிறது. பல் டாக்டருக்கு இது எப்படி முன்னாலேயே தெரிந்தது. வெள்ளிங்கிரி உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்புகிறான். எட்டு சிலிண்டரும் ஒன்றாக எழும்புகிற அந்த உறுமலில் ஷட்டர் தகடு நடுங்குகிறது, என் மார்க்கூடு நடுங்குகிறது, அலமாரியில் படத்துக்கு முன்னால் இருக்கிற வெண்கல விளக்கு மெல்ல நகர்கிறது. பின்னால் முன்னால் இரண்டு தடவை உருட்டி, ஸ்பிரிங்கை உட்காரவிட்டு, அடிவேலைக்காகத் தரையில் வெட்டியிருக்கிற குழிமேல் கொண்டுவந்து நிறுத்துகிறான். இறங்கிவந்து பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்கிறான், ஒற்றைக் காதால் கேட்டது போதாது என்று கையாலும் கேட்பான், அது அவன் பழக்கம். எஞ்சினை அணைத்துவிட்டு டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் விரலை நுழைக்கிறான். நாலு விரல் தாராளமாகப் போன இடத்தில் இரண்டு விரல். அந்தப் பக்கம் ஓடிப்போய்ப் பார்க்கிறான், அங்கும் இரண்டு விரல். அவன் முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது. வேட்டி மடிப்பில் எதையோ தொலைத்துவிட்டு வருடக்கணக்காகத் தேடினவன் கண்டெடுத்த முகம்.

"இந்தத் தடவ செரியாச் சுத்தீட்டனுங்க மாமா," என்கிறான்.

குழிக்குள் இறங்குகிறோம். முன்பெல்லாம் நிமிர்ந்து நிற்பேன், இன்றைக்குக் கார் தலைமேல் அத்தனை தாழ்வாக நிற்கிறது, கழுத்தைச் சாய்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. சூட்டு வாசனை, எண்ணெய் வாசனை, ஆயிரத்து எழுநூறு கிலோ நெற்றிக்கு இரண்டு விரல் மேலே. இந்தத் தடவை சரியாகச் சுற்றிவிட்டானாம். அப்படியென்றால் போன தடவை தப்பாகச் சுற்றினவன். இதைக் கேட்டுவிட்டு இன்று நான் வாயை மூடிக்கொண்டால் அது அப்படியே உறுதிப்பட்டுவிடும், இனி அவன் கிழவனாகிப் பேரனுக்கும் சொல்வான், ஒரு தடவை தப்பாச் சுத்தினேன், ஒரு தடவை சரியாச் சுத்தினேன். பதினொரு வருடத்தில் அவன் ஏறின படியையெல்லாம் எண்ண வைத்தவன் நான்தான். டிரைவருக்கோ சாமிக்கோ மயிலாவுக்கோ பயந்தேனா, இல்லை, இவன் என்னைப் பார்க்கிற அந்தப் பார்வை போய்விடுமே என்றுதான். மாமா என்று கூப்பிடும்போது அதில் கொஞ்சம் கூடுதலாக ஒரு வெல்லம் இருக்கும், அது போய்விடும். போகட்டுமா? முதல் போல்ட்டில் ஸ்பானரை மாட்டுகிறான். ஒண்ணு, என்கிறான். நான் வழக்கம்போல அவனுடைய வலப் பக்கம் நிற்கிறேன், உதடு தானாக அசைய ஆரம்பிக்கிறது, கொக்கி நான் செய்தது மாப்ள என்று காற்றில் பாதி வந்துவிட்டது. நிறுத்துகிறேன். குழி குறுகல், அந்தப் பக்கம் போக வேண்டுமானால் அவன் முதுகுக்கும் சுவருக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டு போக வேண்டும், தோள் சிமெண்டில் உரசி உயிர் போகிறது. என்னுங்க மாமா, என்ன வேணும், இருங்க நான் எடுத்துத் தர்றேன் என்கிறான். ஒன்றும் வேண்டாம் என்று தலையாட்டிக்கொண்டே போய் இடப் பக்கம் நிற்கிறேன். பதினொரு வருடத்தில் கேட்கிற இந்தக் காதை இவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததில்லை. இதுவும் ஒரு சாதாரணக் காதுதான், ஓரத்தில் கிரீஸ் தடவியிருக்கிறது.

"மாப்ள, அன்னைக்கும் நீ செரியாத்தான் சுத்தினே. கொக்கி ஒடஞ்சுது. நான் செஞ்ச கொக்கி. பதம் பாக்காம தண்ணில போட்டுட்டேன்."

ஸ்பானர் நிற்கிறது. மேலே எஞ்சின் ஆறுகிற சத்தம் சொட்டுச் சொட்டாகக் கேட்கிறது. அவன் என் பக்கம் திரும்பவில்லை, போல்ட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

"ஆஸ்பத்திரில உங்களக் கேட்டனுங்களே மாமா."

கேட்டே, என்கிறேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, ஆனால் அவனுக்குக் கேட்டது, இந்தக் காதுக்கு எல்லாம் கேட்கும். அக்காவுக்குத் தெரியுமா என்று கேட்கிறான். தெரியாது, யாருக்கும் தெரியாது, இன்றைக்கு நானே வீட்டுக்குப் போய்ச் சொல்கிறேன் என்கிறேன். திட்டுவான், ஸ்பானரை வீசுவான், குழியை விட்டு ஏறிப் போய்விடுவான், எது வந்தாலும் வாங்கிக்கொள்ள நிற்கிறேன், தலைமேல் காரின் பாரம் முழுக்க அந்த நான்கு கம்பிச் சுருள்களில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. அவன் கையைச் சட்டையில் துடைத்துக்கொள்கிறான். ஸ்பானரை மறுபடி மாட்டி, மெதுவாக ஒரு சுற்று சுற்றுகிறான். நான் ரெண்டு என்ற சொல்லுக்காகக் காத்திருக்கிறேன். இன்னொரு சுற்று. இன்னொன்று. போல்ட் இறுகி நிற்கிறது. அடுத்த போல்ட்டுக்குக் கையை நீட்டுகிறான், அதையும் சுற்றுகிறான், உதடு அசைகிறதா என்று அந்த மங்கல் வெளிச்சத்தில் உற்றுப் பார்க்கிறேன். அவன் எண்ணவில்லை.